ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு ரேஸ் குதிரை: துப்பறியும் நாவலுக்கு யார் யார் வேண்டும்?

கீழக்கரையைச் சேர்ந்த இளம் எழுத்தாளர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. குதிரைப் பந்தய உலகை வைத்து அவர் ஒரு துப்பறியும் நாவல் எழுதுகிறார். சென்னை கிண்டியில் ஓடிய ஒரு குதிரை காணாமல் போகிறது. வாலிநோக்கம் பக்கம் ஒரு பனந்தோப்பில் அதை மறைத்து வைக்கிறார்கள். அதன் பயிற்சியாளர் சேதுக்கரையில் பிணமாகக் கரை ஒதுங்குகிறார். ஜாக்கி, பந்தயப் பணம் பிடிக்கும் புக்கி, பணக்கார முதலாளி, இன்ஸ்பெக்டர் என்று நான்கு பேர் கதையை நடத்திப் போகிறார்கள். படித்துப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் "கதை ஓடுது, ஆனா ஆள் யாரும் மனசுல நிக்கல" என்றார்களாம். என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் நான்கு பேருமே குதிரையிலிருந்து தள்ளி நிற்பவர்கள். ஜாக்கி ஏறுகிறார், ஓட்டுகிறார், இறங்கிப் போய்விடுகிறார். முதலாளி எப்போதாவது வந்து கழுத்தைத் தட்டிக்கொடுக்கிறார். புக்கிக்கு அது ரேஸ் புத்தகத்தில் ஒரு எண். இன்ஸ்பெக்டருக்குக் களவு போன சொத்து. ஆனால் பந்தயக் குற்றம் எதுவானாலும், யாரோ ஒருவர் குதிரையோடு தனியாக இருந்த சில நிமிடங்களில்தான் நடந்து முடிகிறது. அந்த நிமிடங்கள் யாருக்கெல்லாம் கிடைக்கும் என்று முதலில் யோசியுங்கள். உங்கள் கதைக்கு வேண்டிய ஆட்கள் அங்கிருந்துதான் வருவார்கள்.

முதலில் வருபவர் சைஸ், அதாவது குதிரையைப் பராமரிப்பவர். உங்கள் கதையில் அவர் ஒரே ஒரு வரியில், வாளி தூக்கிக்கொண்டு போகிறார். என் பார்வையில் நாவலின் நடு ஆளே அவர்தான். விடிவதற்கு முன் எழுந்து நான்கு கால்களையும் தடவிப் பார்ப்பார். எந்தக் காலில் சூடு இருக்கிறது, எங்கே லேசாக வீங்கியிருக்கிறது என்பது பயிற்சியாளருக்கும் டாக்டருக்கும் முன்பே அவர் கைக்குத் தெரிந்துவிடும். ராத்திரி தீவனத்தில் எவ்வளவு மிச்சம் வைத்தது, சாணம் எப்படி இருந்தது, யாரைக் கண்டால் காதைப் பின்னால் மடக்குகிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. லாயத்தில் மிகக் குறைந்த சம்பளமும் அவருக்குத்தான். லட்சக்கணக்கில் பணம் புரளும் ஒரு தொழிலில், அந்தப் பணத்தைச் சம்பாதித்துத் தரும் உயிர் தன் கையில் இருந்தும் மாதக் கடைசியில் கடன் கேட்டு நிற்பவர் அவர். நல்ல துப்பறியும் கதைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அவரைக் கெடுக்க வருபவன் விஷப் பாட்டிலோடு வர வேண்டியதில்லை. பந்தயத்துக்குக் கொஞ்ச நேரம் முன்பு ஒரு வாளித் தண்ணீரைக் கூடுதலாகக் காட்டினால் போதும். வயிறு கனத்த குதிரை கடைசி இருநூறு மீட்டரில் தளர்ந்துவிடும். ஜெயிக்கும் குதிரைக்குச் சிறுநீரும் ரத்தமும் எடுத்துப் பரிசோதிப்பார்கள். தண்ணீர் எந்தப் பரிசோதனையில் மருந்தாகத் தெரியும்? இன்னொரு வழியும் இருக்கிறது. குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது, மூக்கு ஒன்றுதான் வழி. 1990களில் அமெரிக்காவின் கென்டக்கியில் சில ரேஸ் குதிரைகளின் நாசிக்குள் ஸ்பாஞ்சுத் துண்டுகள் செருகப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். கிட்டப் போனாலே தலையை உதறும் ஒரு மிருகத்தின் மூக்குக்குள் விரல் விட முகம் தெரியாதவனால் முடியுமா? குதிரை யாரை நம்புகிறதோ அவரால்தான் முடியும். உங்கள் நாவலின் துரோகம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. குதிரை தன் சைஸை நம்புகிறது. அவர் அந்த நம்பிக்கையை விற்கிறார், அல்லது விற்க மறுத்து அடி வாங்குகிறார்.

அதனால் சைஸை 'பணத்துக்கு விலை போனவன்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அவரிடம் வருபவன் கேட்பது மிகச் சின்னதாக இருக்கட்டும். "ராத்திரி ஒம்பது மணிக்கு வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கண்ணே" என்பது போல. அவர் போகிறார், திரும்பி வருகிறார், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரம் அதே ஆள் இன்னும் கொஞ்சம் கேட்கிறான். வாசகருக்கு வயிற்றைக் கலக்குவது இந்தப் படிப்படியான சரிவுதான்.

இப்போது இடத்துக்கு வருவோம். ராமநாதபுரம் மாவட்டத்தில் ரேஸ் கோர்ஸ் கிடையாது. தமிழ்நாட்டில் இருந்தவை கிண்டியும் ஊட்டியும்தான். கிண்டியில் குளிர்கால சீசன், ஊட்டியில் ஏப்ரல் தொடங்கிக் கோடை சீசன் என்று நடந்துவந்தது. ஆகவே 'இங்கே ஏன் இந்தக் கதை' என்ற கேள்விக்கு நாவல் சீக்கிரமே பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் வரைவில் கடற்கரை வெறும் படமாகத்தான் இருக்கிறது. கடல் தெரிகிறது, பனை தெரிகிறது, அத்தோடு சரி. உண்மையில் குதிரைக்கும் இந்தக் கரைக்கும் உள்ள சம்பந்தம் கிண்டியைவிட நூற்றாண்டுகள் பழையது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுத் துறைமுகங்களுக்கு அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்தது. காயலில் இறங்கின குதிரைகள் பிரசித்தம். உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பெரியபட்டினமும் அந்தக் காலத் துறைமுகம்தான், அங்கே சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் அந்த வியாபாரத்தின் ஒப்பந்தத்தையே எழுதி வைத்திருக்கிறார். பாரசீக வளைகுடாவில் உள்ள கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரைகளை அனுப்ப வேண்டும். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வழியில் கடலில் செத்தாலும் அந்த விலையைப் பாண்டியனின் கருவூலம் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனையை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். செத்த குதிரைக்கும் உயிரோடு இருக்கும் குதிரைக்கும் ஒரே விலை என்றால் நடுக்கடலில் என்னவெல்லாம் நடக்கலாம்? மார்க்கோ போலோ இன்னொன்று சொல்கிறார். பாண்டியனும் சகோதரர்களும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. வியாபாரிகளோ, குதிரை மருத்துவம் தெரிந்த லாடக்காரர் எவரும் அந்த நாட்டுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். குதிரை சாகச் சாகத்தானே அவர்களுக்கு விற்பனை?

உங்கள் வரைவில் பணக்கார முதலாளிக்கு நோக்கம் எதுவும் இல்லை. அந்தப் பழைய ஒப்பந்தமே நோக்கத்தைத் தருகிறது. காலில் நரம்பு போய் இனி ஓட முடியாத ஒரு குதிரை. இன்ஷூரன்ஸ் மட்டும் முழு மதிப்புக்கு இருக்கிறது. அது செத்தால்தான் அவருக்கு லாபம். ஆனால் அதைக் கொல்லச் சொல்லி அனுப்பிய ஆளால் கொல்ல முடியவில்லை. ராவோடு ராவாக லாரியில் ஏற்றித் தன் மாமனார் ஊரான வாலிநோக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறான். அந்த ஆள் சைஸாக இருந்தால் உங்கள் கதை ஒரே மூச்சில் கட்டிக்கொள்ளும். 'ஏன் இங்கே' என்பதற்கும் பதில் கிடைத்துவிடும்.

ஆள்மாறாட்டத்துக்கும் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 1984 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், ஃபைன் காட்டன் என்ற சுமாரான குதிரையின் பெயரில் போல்ட் பெர்சனாலிட்டி என்ற வேகமான குதிரையைச் சாயம் பூசி ஓடவிட்டுப் பிடிபட்டார்கள். உலகம் அதைத்தான் பேசுகிறது. நம் மண்ணில் மாணிக்கவாசகர் கதை இருக்கிறதே! அரசன் குதிரை வாங்கக் கொடுத்த பொன் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணியாகிறது. நரிகள் பரிகளாக மதுரைக்கு வருகின்றன. ராத்திரியில் பழையபடி நரியாகி லாயத்தில் இருந்த குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடுகின்றன. அந்தத் திருப்பெருந்துறையான ஆவுடையார்கோயில் உங்கள் கடற்கரைக்கு வடக்கே கொஞ்ச தூரம்தான், உத்தரகோசமங்கையோ பக்கத்திலேயே இருக்கிறது. பக்தியோடு கேட்டு வளர்ந்த ஒரு பாட்டி, தோப்பில் நிற்கும் அந்நியக் குதிரையைப் பார்த்து இந்தக் கதையைப் பேரனுக்குச் சொன்னால், கதையின் மர்மம் இந்த ஊர் வாயிலிருந்தே வந்துவிடும். அதைக் கேலியாக எழுதிவிடாதீர்கள். அவர் நம்பித்தான் சொல்வார்.

அடுத்தவர் துப்பறிபவர். இன்ஸ்பெக்டரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் மட்டும் போதாது. பிணம் கரையில் ஒதுங்கினால் உள்ளூர் ஸ்டேஷன், மரைன் போலீஸ், கடத்தல் சந்தேகம் வந்தால் சுங்கத்துறை, கியூ பிரிவு என்ற உளவுப் போலீஸ் என்று ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கும் கரை இது. கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் தடை செய்யப்பட்ட உயிர்கள், அதனால் வனத்துறையும் ரோந்து வரும். இத்தனை பேர் நடமாடும் கரையில் நிஜக் குதிரை ஒன்று ஒளிந்திருப்பது எவருடைய கோப்பிலும் வராது. அது யார் கண்ணில் படும்? அரசுக் கால்நடை மருத்துவர் கண்ணில். நான் கால்நடைத் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கிராமத்தில் வாய் பேசாத சாட்சியை விசாரிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு பெண் டாக்டராக, சாயல்குடி மாதிரி ஊரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவராக வைத்துப் பாருங்கள். ஆடு, மாடு, கோழி பார்த்துப் பழகியவர். ஒரு நாள் நடுராத்திரியில் குதிரைக்கு வயிற்று வலி என்று பயந்துபோய் ஒருவன் கதவைத் தட்டுகிறான்.

அந்தக் காட்சிக்கு வேண்டிய விவரம் இது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் எது போனாலும் குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும், அதனால்தான் வயிற்று வலி குதிரைக்கு உயிர் போகும் விஷயம். மணல் தரையில் தீவனம் போட்டால் தீவனத்தோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கிவிடும். கடற்கரையில் குதிரை வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. டாக்டர் சாணத்தில் கொஞ்சம் எடுத்து ரப்பர் கையுறைக்குள் போட்டு, தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவார். மணல் விரல் நுனிகளில் போய்ப் படிந்துவிடும். படிந்தால், விஷமில்லை, மணல். இன்னொரு பக்கம், ராமநாதபுரத்தில் திரும்பிய இடமெல்லாம் அரளி. கையளவு இலை வைக்கோலில் கலந்துபோனாலே குதிரையின் இதயம் நின்றுவிடும். ஆக விபத்தா, கொலை முயற்சியா என்ற கேள்வி ஒரு ரப்பர் கையுறையில் தொங்கும். குண்டும் கத்தியும் தராத பதற்றம் இதில் கிடைக்கும்.

அதே டாக்டர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். ஐந்து வயதில் எல்லாப் பல்லும் முளைத்து முடிந்திருக்கும். பத்து வயது வாக்கில் மேல் ஓரப் பல்லில் ஒரு கோடு இறங்கத் தொடங்கும். "எங்க வண்டிக் குதிரைம்மா, பதினஞ்சு வயசு" என்று பொய் சொன்னால் உடனே தெரிந்துவிடும். இந்திய ரேஸ் குதிரைகளுக்கு அடையாளப் பத்திரம் உண்டு, கழுத்தில் இடப்பக்கம் சிப் புதைத்திருப்பார்கள். பத்திரத்தில் வெள்ளைக் குறிகளோடு மயிர்ச் சுழிகளும் வரைந்திருக்கும். சாயம் பூசி வெள்ளையை மறைக்கலாம், சிப்பை அறுத்தும் எடுத்துவிடலாம், நெற்றிச் சுழியை என்ன செய்ய முடியும்? சுழி பார்த்துக் காளையும் குதிரையும் வாங்கும் பெரியவர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் சுழியைப் பார்த்து "இது ராசியான குதிரைம்மா" என்று சொன்ன அடையாளமும், புனேயில் இருக்கும் குதிரை வம்சப் பதிவேட்டு அலுவலகத்தின் காகிதமும் ஒரே குதிரையைக் காட்டும் அத்தியாயத்தை நான் ஆசையோடு படிப்பேன்.

கடைசி நிரூபணத்துக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. பந்தயம் முடிந்ததும் சிறுநீர் பிடிக்க வேண்டும் என்பதால் ரேஸ் குதிரையை விசில் சத்தத்துக்குச் சிறுநீர் கழிக்கப் பழக்குவார்கள். வண்டிக் குதிரைக்கு யார் அப்படிப் பழக்குகிறார்கள்? தோப்பில் நிற்கும் குதிரை, பக்கத்தில் எவனோ மெதுவாக விசில் அடித்ததும் காலை அகட்டி நின்றால் சைஸின் முகம் வெளுத்துவிடும். டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டார் என்று எழுதினால் போதும்.

உள்ளூர் ஆட்களில் அவசியம் வேண்டியவர் குதிரை வண்டிப் பந்தயச் சாரதி. கோயில் திருவிழா என்றால் ராமநாதபுரம், சிவகங்கை, தூத்துக்குடி மாவட்டங்களில் மாட்டு வண்டிப் பந்தயத்தோடு குதிரை வண்டிப் பந்தயமும் நடப்பது உங்களுக்கே தெரியும். பெரிய குதிரை, சின்ன குதிரை என்று பிரித்துத் தார்ச்சாலையில் போய்த் திரும்பும் பந்தயம். கிண்டியைப் பார்த்தே இராத அந்தச் சாரதி, தோப்பில் நிற்பதைப் பார்த்த மாத்திரத்தில் இது நம்மூர்க் குதிரை இல்லை என்பார். உயரமே காட்டிக்கொடுத்துவிடும். அவருக்கு ஆசை வரட்டும். ஒரே ஒரு திருவிழாவில் இதைப் பூட்டி ஓட்டினால் என்ன என்ற ஆசை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். முதுகில் ஆள் ஏறிப் பழகிய குதிரையைப் பிடித்து அன்றே வண்டியில் பூட்டிவிட முடியாது. மிரண்டு வண்டியை நொறுக்கிவிடும். அதனால் பழக்கும் வாரங்கள் கதையில் இருந்தாக வேண்டும். சாரதியும் சைஸும் அந்த வாரங்களில்தான் நண்பர்களாகிறார்கள். பெரிய குற்றத்தை மறைக்க வந்த குதிரையை இந்தச் சின்ன ஆசைதான் வெளியே இழுத்துவரும்.

சாட்சிகளில் இரண்டு பெண்கள். ஒருவர் பாசி எடுக்கும் பெண். மண்டபம், பாம்பன் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள் கரையை விடியுமுன் பார்ப்பவர்கள். கால் வலிக்கும் குதிரையை ஆழமில்லாத கடல் நீரில் நிறுத்துவதும் நடத்துவதும் நல்லது என்று சைஸுக்குத் தெரியும். ஈர மணலில் லாடக்கால் தடம் யார் கண்ணில் படும்? இன்னொருவர் தண்ணீர் விற்பவர். இதைக் கட்டாயம் வையுங்கள். குதிரை ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது லிட்டர் குடிக்கும், இந்த வெயிலில் இன்னும் கூடும். உப்புத் தண்ணீர் ஊரில் நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். ஒற்றை ஆள் இருக்கும் தோப்புக்கு தினமும் இத்தனை குடம் எதற்கு என்று அந்த அம்மா ஒரு நாள் கேட்டால், அதைவிடப் பெரிய துப்பு எந்த இன்ஸ்பெக்டருக்கும் கிடைக்காது.

ஜாக்கியிடம் நீங்கள் வீரத்தைத்தான் பார்க்கிறீர்கள், நான் பசியைப் பார்க்கிறேன். ஹேண்டிகேப் பந்தயத்தில் எந்தக் குதிரை எவ்வளவு எடை சுமக்க வேண்டும் என்று முன்பே குறித்துவிடுவார்கள். ஓடும் முன்னும் ஓடிய பின்னும் தராசில் ஏற வேண்டும். ஐம்பது கிலோவை ஒட்டி உடம்பை வைத்துக்கொள்ள சோறு தொடாமல், வியர்வையில் தண்ணீரை வடித்து வாழ்கிறவர்கள். தங்கச்சி கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கவளம்கூட எடுக்காதவன் என்று எழுதினாலே ஆள் நின்றுவிடுவார்.

புக்கியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 1996-ல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைத் திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்தது உங்கள் கதைக்கு உதவும். மைதானத்துக்குள் முறைப்படி நடப்பது வேறு, வெளியே போனில் கைமாறும் பணம் வேறு. 2023 அக்டோபரில் பந்தயத் தொகை முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி என்பது உறுதியானது, 2025 செப்டம்பரில் அது 40 ஆனது. வரி ஏற ஏறக் கள்ளப் புக்கிக்கு ஆள் சேர்ப்பது சுலபம். ஊர்க்காரர்களின் கல்யாணம் காதுகுத்துக்கெல்லாம் முதல் மொய் வைக்கிறவராக அவரை வையுங்கள், ஜிப்பாவும் தங்கச் சங்கிலியும் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். உங்கள் வரைவில் கடத்தல்காரர் கீழக்கரை வியாபாரி, திருடன் வடநாட்டுக்காரன், அடியாள் மீனவர். நம் ஊர் ஆட்களை நம் எழுத்தாளரே இப்படி அச்சில் வார்த்ததைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. காக்கா (அண்ணன்), லாத்தா (அக்கா), வாப்பா (அப்பா) என்று கூப்பிட்டு வளர்ந்த வீட்டுப் பேச்சு உங்களுக்குக் கையில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது கிடைக்காது. அந்த வியாபாரியை ஏன் நீங்களே சந்தேகிக்கிறீர்கள்? பழைய குதிரை வியாபாரக் குடும்பம் என்ற பெருமையில் வளர்ந்து, தோப்பில் நிற்கும் குதிரையைப் பார்த்ததும் காட்டிக்கொடுக்க மனம் வராமல் தீவனத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, போலீஸ் வந்தபோது மாட்டிக்கொள்ளும் பெரியவராக அவரை மாற்றிப் பாருங்கள். வாசகர் அவரைத்தான் முதலில் சந்தேகிப்பார். அந்தச் சந்தேகம் பொய்யாகும்போது அவருக்கும் உறைக்கும்.

காலத்தையும் முடிவு செய்துவிடுங்கள். 2024-ல் தமிழக அரசு கிண்டி நிலத்தின் குத்தகையை ரத்து செய்து இடத்தைத் தன் வசம் எடுத்தது, அதே ஆண்டு ஊட்டியிலும் ரேஸ் நிலத்தை எடுத்துக்கொண்டது. அதற்கு முன் நடக்கும் கதை என்றால் லாயம் வழக்கம்போல் இயங்கும். பின்னால் என்றால், அடுத்த சீசன் எங்கே, வேலை இருக்குமா என்று தெரியாமல் நிற்கும் சைஸும் லாடக்காரரும் கிடைப்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. வேலை போகும் பயத்தில் இருப்பவரிடம் வந்து ஒரு சின்ன உதவி கேட்பது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் அத்தியாயத்தைப் பிணத்தில் தொடங்காமல், சைஸ் லாரியின் பின்கதவைத் திறந்து குதிரையை மணலில் இறக்கும் ராத்திரியில் தொடங்கி எழுதி அனுப்புங்கள். பல், லாடம், தீவனம் வரும் இடங்களை நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.